ராத்திரி பிளைட் ஏழரை மணி நேரம் லேட்டு, 500 ரூபா வவுச்சர் வாங்கிட்டு விட்டுடறதா?

பாலக்கோட்டுல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். அம்மாவும் அவரும் பெங்களூருல இருந்து டெல்லிக்கு ராத்திரி 9.40 பிளைட். 10.40ன்னு மெசேஜ் வந்துச்சு, அப்புறம் 11.45, அப்புறம் 1.15, இப்படியே தள்ளித் தள்ளி காலையில 5.10க்குதான் கிளம்புச்சு. அம்மாவுக்கு சுகர், குடுத்தது ஒரு தண்ணி பாட்டிலும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும்தான், கேட் பக்கத்துல தரையில துண்ட விரிச்சு படுத்துகிட்டாங்களாம். டெல்லியில காலை ரயில் போயிடுச்சு, 6,500 ரூபா குடுத்து கார் எடுத்தாங்க. மூணு மெயில் போட்டாச்சு, மூணுக்கும் ஒரே பதில், "இயக்கக் காரணங்களால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்". கடைசியா 500 ரூபா வவுச்சர் தர்றோம்ங்கறாங்க. "எவ்ளோ காசு கிடைக்கும்"னு கேள்வி முடியுது. ஆனா முழுசா படிச்சா நீங்க உண்மையில கேக்கறது வேற மாதிரி தெரியுது. அன்னிக்கு நடந்தது தப்பா, இல்ல பிளைட்னா இப்படித்தான்னு பொறுத்துக்கணுமா, தப்புன்னா பாலக்கோட்டுல உக்காந்துகிட்டு யாரைப் போய் கேக்கறது, இதுதான கேள்வி? அதுக்கே பதில் சொல்றேன், காசு கணக்கும் அதுலயே வந்துடும்.

நான் பெங்களூரு ஏர்போர்ட்ல 9 வருஷம் செக்-இன் கவுண்டர்லயும் போர்டிங் கேட்லயும் வேலை பாத்தவன். ஏர்லைன்ஸ் யூனிஃபார்ம் போட்டுருப்போம், ஆனா சம்பளம் குடுக்கறது கிரவுண்ட் ஹேண்ட்லிங் காண்ட்ராக்ட் கம்பெனி. இப்ப கிருஷ்ணகிரியில சின்னதா டிக்கெட் புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்கேன், நம்ம பக்கத்து ஆளுங்க புகார் எழுத என்கிட்ட வருவாங்க, எழுதிக் குடுத்து சிலது ஜெயிச்சிருக்கு, சிலது ஒண்ணும் ஆகல. வக்கீல் இல்ல நான், அதனால கோர்ட்டு சம்பந்தமா சொல்றத ஒரு வக்கீல்கிட்டயும் ஒருதரம் கேட்டுக்குங்க.

மொதல்ல மனசு கஷ்டப்படற விஷயத்த சொல்லிடறேன். இந்தியாவுக்குள்ள போற பிளைட் எத்தனை மணி நேரம் லேட்டானாலும், லேட்டானதுக்குன்னு இவ்வளவு பணம்னு நம்ம விதியில கிடையாது. ஐரோப்பாவுல 250, 400, 600 யூரோன்னு குடுக்கறாங்களே அது அங்க உள்ள சட்டம், அத யூடியூப்ல பாத்துட்டு நம்ம ஆளுங்க கவுண்டர்ல வந்து கேப்பாங்க. நம்ம ஊர்ல விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதான் டிஜிசிஏ, 2010 ஆகஸ்ட்ல ஒரு விதி கொண்டு வந்துச்சு, நடுவுல சில தடவை திருத்தியிருக்காங்க. அதுல மூணு நிலைமைய தனித்தனியா பிரிச்சிருக்கு. டிக்கெட் கன்ஃபர்ம் ஆகி நேரத்துக்கு வந்தும் சீட் இல்லன்னு ஏத்தாம விடறது ஒண்ணு, பிளைட் ரத்து ஆகறது ஒண்ணு, தாமதம் ஒண்ணு. மொத ரெண்டுக்கும் பணம் உண்டு. ஏத்தாம விட்டா, ஒரு மணி நேரத்துக்குள்ள வேற பிளைட் ஏத்திட்டா ஒண்ணும் இல்ல, 24 மணி நேரத்துக்குள்ள ஏத்திவிட்டா அடிப்படைக் கட்டணம் பிளஸ் எரிபொருள் கட்டணத்துல ரெண்டு மடங்கு, அதிகபட்சம் 10,000, அதுக்கும் மேல போனா நாலு மடங்கு, அதிகபட்சம் 20,000. ரத்து பண்ணத 24 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லலன்னா பயண நேரத்த பொறுத்து 5,000, 7,500, 10,000, இல்லன்னா ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, ரெண்டுல எது கம்மியோ அது, டிக்கெட் காசு தனி. தாமதத்துக்கு மட்டும் பணம் இல்ல, சாப்பாடு, ரூம், மாற்று பிளைட், ரீஃபண்ட், இவ்வளவுதான்.

இப்ப புரியுதா ஏன் உங்க பிளைட்ட ராத்திரி 11 மணிக்கே ரத்துன்னு சொல்லாம காலை வரைக்கும் இழுத்தாங்கன்னு? எல்லா தடவையும் வேணும்னே பண்றாங்கன்னு சொல்ல மாட்டேன், பாதி நேரம் உள்ள இருக்கறவங்களுக்கே விமானம் எப்ப வரும்னு தெரியாது, அது நான் கண்ணால பாத்தது. ஆனா ரத்துங்கற வார்த்தைக்கும் தாமதம்ங்கற வார்த்தைக்கும் நடுவுல ஒரு பிளைட்டுக்கு லட்சக்கணக்குல காசு வித்தியாசம் இருக்கு, அது முடிவெடுக்கறவங்களுக்கு தெரியாம இருக்குமா.

உங்க கேஸுக்கு வரேன். சாப்பாடு விஷயத்துல விதி தெளிவா இருக்கு. பயண நேரம் ரெண்டரை மணி வரைக்கும் உள்ள பிளைட்னா 2 மணி நேரம் தாமதம் ஆனதுமே, ரெண்டரைல இருந்து அஞ்சு மணி நேரப் பயணம்னா 3 மணி நேரம் தாமதம் ஆனதும், அதுக்கும் மேலன்னா 4 மணி நேரத்துல, சாப்பாடும் சிற்றுண்டியும் குடுக்கணும். பெங்களூரு டெல்லி ரெண்டே முக்கால் மணி நேரம்னு டிக்கெட்ல போட்டிருப்பாங்க, அப்ப ராத்திரி 12.40 தாண்டினதுமே உங்களுக்கு சாப்பாடு வந்திருக்கணும். சுகர் இருக்கற அம்மாவுக்கு பிஸ்கட் பாக்கெட்ட குடுத்துட்டு சாப்பாடு குடுத்தாச்சுன்னு கணக்கு எழுதினா அது நியாயமே இல்ல. அடுத்து ரூம். 24 மணி நேரத்துக்கு மேல தாமதம்னா ரூம் தரணும்ங்கறது பல பேருக்கு தெரியும், ராத்திரி 8 மணியில இருந்து அதிகாலை 3 மணிக்குள்ள கிளம்ப வேண்டிய பிளைட்டா இருந்தா 6 மணி நேரத்துக்கு மேல போனாலே ரூம் உண்டுங்கறது யாருக்கும் தெரியறதில்ல. உங்களது 9.40 பிளைட், ஏழரை மணி நேரம் தாமதம், அதனால ரூம் விதிக்குள்ள நேரா வருது. 6 மணி நேரம் தாண்டற தாமதத்துக்கு வேற பிளைட்டோ முழு ரீஃபண்டோ எது வேணும்னும் கேட்டிருக்கணும், அப்படி யாராவது உங்ககிட்ட கேட்டாங்களா? இந்த மூணும் கிடைக்கலங்கறதுதான் உங்க புகாரோட உயிர். "பிளைட் லேட்டு"ன்னு எழுதினா வருந்துகிறோம்னு பதில் வரும், "விதிப்படி வர வேண்டிய சாப்பாடும் ரூமும் தரல"ன்னு எழுதினா அதே பதில அவ்வளவு சுலபமா ஒட்ட முடியாது.

ஏர்லைன்ஸ் என்ன வாதம் வைக்கும்னும் சொல்லிடறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் தள்ளினோம், 6 மணி நேரம் ஆகும்னு எங்களுக்கே முன்னாடி தெரியாதுன்னு சொல்லுவாங்க. இது கொஞ்சம் வழுக்கற இடம்தான், ஒத்துக்கறேன். ஆனா எந்த விமானம் உங்களுக்கு வரணும், அது அப்ப எங்க இருந்துச்சுங்கறது அவங்க கையில பதிவா இருக்கும். ஒரு விமானம் ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை பறக்கும், எறங்கி அரை மணி நேரத்துல திரும்ப ஏறணும்னு கணக்கு போட்டு ஓட்டுவாங்க. காலையில எங்கயோ 40 நிமிஷம் லேட்டானா அது சேந்து சேந்து ராத்திரி பிளைட் தலையில வந்து விடியும். நடுவுல பைலட்டோட வேலை நேரம் முடிஞ்சிடுச்சுன்னா வேற பைலட்ட தேடணும், அந்த நேரத்துல அது லேசுல நடக்காது. பிளைட் டிராக் பண்ற ஆப்ல உங்க பிளைட் நம்பரும் தேதியும் போட்டா அன்னிக்கு வந்த விமானம் எதுன்னு தெரியும், அதுக்கு முன்னாடி அது எங்கெங்க போச்சுன்னும் தெரியும். பழைய விவரம் கொஞ்ச நாளைக்குத்தான் இலவசமா காட்டும், அதனால இன்னிக்கே பாத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க. ராத்திரி 11 மணிக்கு உங்க விமானம் வேற ஊர்லயே நின்னிருந்துச்சுன்னா, 11.45க்கு கிளம்பும்னு உங்களுக்கு வந்த மெசேஜ் எந்த நம்பிக்கையில அனுப்பினதுன்னு கேக்கலாம். 2024 ஜனவரியில டெல்லி பனியில பெரிய குழப்பம் நடந்தப்ப, தாமதத்தப் பத்தி சரியான தகவல உடனுக்குடன் மெசேஜ்லயும் வாட்ஸ்அப்லயும் ஏர்போர்ட் போர்டுலயும் சொல்லணும்னு டிஜிசிஏ தனியா உத்தரவு போட்டிருக்கு, மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும்னு தெரிஞ்சா முன்கூட்டியே ரத்து பண்ணிக்கலாம்னும் அதுல இருக்கு.

காரணம் என்னங்கறது இவ்வளவு முக்கியமா இருக்கறதுக்கு ஒரு காரணம் உண்டு. வானிலை, வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், பாதுகாப்பு, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, இந்த மாதிரி ஏர்லைன்ஸ் கையில இல்லாத விஷயத்தால ஆச்சுன்னா இழப்பீடு தர வேண்டியதில்லன்னு விதியே சொல்லுது. அதனாலதான் எதுக்கெடுத்தாலும் வானிலைன்னு ஒரு வார்த்தை வாய்ல வரும். உங்களுக்கு வந்த மெயில்ல "இயக்கக் காரணம்"னு அவங்களே எழுதிட்டாங்க. அது உங்களுக்கு நல்லது, அந்த மெயில பத்திரமா வைங்க. விமானம் பழுது, ஆள் பத்தாக்குறை, முந்தின பிளைட் லேட்டு, இதெல்லாம் அவங்க வீட்டு வேலை. 2025 டிசம்பர் மொத வாரத்துல நாடு பூரா ஆயிரக்கணக்குல பிளைட் ரத்தாச்சே, ஞாபகம் இருக்கும், பைலட்டுக்கு ஓய்வு நேரம் கூட்டற புது விதி வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சும் ஆள் ஏற்பாடு பண்ணாததுதான் அதுக்குக் காரணம். அதையும் "இயக்கக் காரணம்"னுதான் சொன்னாங்க. அப்ப அரசாங்கம் தலையிட்டு ரீஃபண்டுக்கு கெடு வெச்சு, 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500 ரூபாய்க்கு மேல வாங்கக்கூடாதுன்னு டிக்கெட் விலைக்கும் உச்சவரம்பு போட்டுச்சு.

சரி, நிஜமாவே பனிமூட்டமா இருந்தா? அப்ப ஏர்லைன்ஸ குத்தம் சொல்ல முடியாது. இதப் பத்தி 2011ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பே ஒண்ணு இருக்கு. 2007 டிசம்பர்ல டெல்லியில இருந்து ஹைதராபாத் போற குறைஞ்ச கட்டண பிளைட், பனியால தாமதமாகி பயணிங்க விமானத்துக்குள்ளயே மணிக்கணக்குல உக்காந்திருந்தாங்க. பனியால ஆன தாமதத்துக்கு ஏர்லைன்ஸ் பொறுப்பில்லன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு, கீழ குடுக்கச் சொல்லியிருந்த இழப்பீட்டையும் ரத்து பண்ணிடுச்சு. ஆனா அதே தீர்ப்புல, குறைஞ்ச கட்டணம்ங்கறத காட்டி பயணிக்கு செய்ய வேண்டிய குறைந்தபட்ச உதவிய தட்டிக்கழிக்க முடியாதுன்னும் சொல்லுச்சு. எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்ப சரின்னு படுது. மழையும் பனியும் யார் கையிலயும் இல்ல, ஒரு டம்ளர் பாலும் நாலு இட்லியும் கையில இருக்கற விஷயம்.

கவுண்டர்ல என்ன நடக்கும்னு கொஞ்சம் சொல்றேன், இத வெளிய யாரும் சொல்றதில்ல. ராத்திரி 1 மணிக்கு 180 பேர் சுத்தி நின்னு கத்தறப்ப அந்தப் பக்கம் நிக்கறது பெரும்பாலும் 22, 23 வயசுப் பசங்க. ரூம் போட, வேற ஏர்லைன்ஸுக்கு மாத்திவிட, சாப்பாட்டு கூப்பன் அதிகமா தர, எதுக்குமே அவங்களுக்கு அதிகாரம் கிடையாது. வாக்கி-டாக்கியில என்ன சொல்லச் சொல்றாங்களோ அத சொல்லணும். நான் சொல்லியிருக்கேன். ஒருதரம் விமானம் பழுதாகி இன்னொரு ஊர்ல நிக்குது, அது எங்க எல்லாருக்கும் தெரியும், மேல இருந்து "இயக்கக் காரணம்னு மட்டும் சொல்லு"ன்னாங்க. காவேரிப்பட்டணத்துல இருந்து வந்த பெரியவர் ஒருத்தர், தம்பி சாவுக்கு கொல்கத்தா போறவர், "ஏப்பா நீ நம்ம பக்கம்தான, நிஜத்த சொல்லு, நான் ரயிலுக்காவது போறேன்"னு கேட்டார். நான் இன்னும் ஒரு மணி நேரத்துல கிளம்பிடும் ஐயான்னேன். அது காலையில எட்டு மணிக்குதான் போச்சு. அவர் முகம் இன்னும் மறக்கல எனக்கு. அந்த வேலைய விட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால நான் சொல்றது, அந்தப் பையன்கிட்டயோ பொண்ணுகிட்டயோ சண்டை போட்டு ஒண்ணும் ஆகாது, டியூட்டி மேனேஜர கூப்பிடச் சொல்லுங்க, ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் ஒருத்தர் இருந்தே ஆகணும். அவர் வந்ததும் ரெண்டே ரெண்டு விஷயம் கேளுங்க, தாமதத்துக்கு என்ன காரணம், அத எழுத்துல குடுங்க. லெட்டர் தர மாட்டேன்னா அங்கயே நின்னு கஸ்டமர் கேர் மெயிலுக்கு எழுதுங்க, "இப்ப மணி 1.20, இந்த பிளைட், 3 மணி நேரத்துக்கு மேல ஆச்சு, சாப்பாடு கேட்டோம் தரல, அம்மாவுக்கு சர்க்கரை நோய், ரூம் கேட்டோம் இல்லன்னாங்க"ன்னு நாலு வரி போதும், தமிழ்ல எழுதினாலும் பரவாயில்ல. மெயில்ல நேரம் தானா பதிவாகிடும். போர்டுல அதே நேரத்துக்கு மத்த பிளைட்டுங்க கிளம்பிகிட்டே இருக்கறத ஒரு போட்டோ எடுங்க, நாளைக்கு வானிலைன்னு சொன்னா அந்த போட்டோ போதும். சாப்பாடு நீங்களே வாங்கினா பில் வாங்குங்க. கத்தினவங்களுக்கு அந்த ராத்திரி கிடைச்சது தொண்டை வலி, எழுதி வெச்சவங்களுக்குத்தான் ஆறு மாசம் கழிச்சு ஏதாவது கிடைச்சிருக்கு, இது என் அனுபவம். உங்ககிட்ட அன்னிக்கு ராத்திரி எழுதின மெயில் இருக்கான்னு நீங்க சொல்லல, இல்லன்னாலும் அந்த நாலு எஸ்எம்எஸ் இருக்கே, அதுவே நேரத்தோட சாட்சி.

இங்க ஒரு விஷயம், இது நம்ம பக்கத்துல ரொம்ப நடக்குது. தர்மபுரி, அரூர், ஊத்தங்கரை பக்கம் பிரவுசிங் சென்டர்லயோ தெரிஞ்சவர் மூலமாவோ டிக்கெட் போடறப்ப அவங்க தங்களோட மொபைல் நம்பரையும் மெயிலையும் போட்டுடுவாங்க. ரத்து ஆச்சுன்னா மெசேஜ் அவங்களுக்கு போகும், கடைக்காரர் தூங்கிட்டிருப்பார், நீங்க வண்டி புடிச்சு ஏர்போர்ட் வாசல்ல போய் நிப்பீங்க. பயணியோட தொடர்பு விவரம் சரியா இல்லன்னா ரத்துக்கான இழப்பீடு தர வேண்டியதில்லன்னு விதியிலயே இருக்கு, ஏர்லைன்ஸ் அத கெட்டியா புடிச்சுக்கும். யார் போட்டுக் குடுத்தாலும் உங்க நம்பர், உங்க மெயில்தான்னு பிடிவாதமா சொல்லுங்க. நானே கடை வெச்சிருக்கறவன்தான், என்கிட்டயும் இத கேட்டு வாங்குங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. மொதல்ல அந்த 500 ரூபா வவுச்சர ஏத்துக்காதீங்க, குறிப்பா "இத்துடன் புகார் முடிந்தது"ங்கற மாதிரி ஏதாவது ஒரு பட்டன அமுக்கச் சொன்னா அமுக்காதீங்க. ஏர்லைன்ஸ் வெப்சைட்ல குறைதீர் அதிகாரின்னு நோடல் ஆபீசர் பேரும் மெயிலும் இருக்கும், அதுக்கு மேல மேல்முறையீட்டு அதிகாரி ஒருத்தர் இருப்பார். கஸ்டமர் கேர் மெயிலுக்கு திரும்பத் திரும்ப எழுதறத விட்டுட்டு நோடல் ஆபீசருக்கு ஒரே ஒரு மெயில், தேதி, பிஎன்ஆர், எத்தனை மணிக்கு என்ன மெசேஜ் வந்துச்சு, விதிப்படி என்ன வரணும், என்ன வரல, கார் பில் 6,500, எவ்வளவு கேக்கறீங்க, இத்தன நாளுக்குள்ள பதில் வேணும்னு போடுங்க. கோவமா எழுத வேணாம், அம்மா தரையில படுத்தத மட்டும் மறக்காம எழுதுங்க. அதோட ஏர்சேவாவுல புகார் பதிவு பண்ணுங்க, 2016 நவம்பர்ல விமானத்துறை அமைச்சகம் கொண்டு வந்தது, ஆப்பும் இருக்கு. அதுல போட்டா ஏர்லைன்ஸ் ஒரு பதில் எழுதியே ஆகணும், கஸ்டமர் கேர்ல கிடைக்காத காரணம் சில நேரம் அங்க எழுத்துல கிடைக்கும். ஆனா ஏர்சேவா கோர்ட்டு இல்ல, பணம் குடுன்னு அது உத்தரவு போடாது. எனக்கு தெரிஞ்சு ரீஃபண்ட் நிக்கற கேஸுக்கு அது நல்லா வேலை செய்யுது, உங்களோடது மாதிரி கேஸுக்கு பதில் மட்டும்தான் வரும். 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் அப்படித்தான், சமரசத்துக்கு முயற்சி பண்ணுவாங்க, தமிழ்லயே பேசலாம்.

இதுக்கெல்லாம் மசியலன்னா நுகர்வோர் ஆணையம். இங்கதான் பாலக்கோட்டுல உக்காந்துகிட்டு என்ன பண்றதுங்கற உங்க கவலைக்கு நல்ல பதில் இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலைல நடைமுறைக்கு வந்துச்சு, அதுல 34வது பிரிவுப்படி புகார் குடுக்கறவர் எங்க குடியிருக்காரோ அந்த மாவட்ட ஆணையத்துலயே குடுக்கலாம். ஏர்லைன்ஸ் ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும் சரி, அவங்க வக்கீல்தான் தர்மபுரிக்கு வரணும். டிக்கெட் மாதிரி நீங்க குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் எதுவும் இல்ல, வக்கீல் கட்டாயமும் இல்ல, ஆன்லைன்லயும் பதிவு பண்ணலாம், சம்பவம் நடந்த 2 வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி ஒரு நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத வெச்சுக்கறது நல்லது, பல கேஸ் அந்த நோட்டீஸோடயே பேச்சுவார்த்தைக்கு வந்துடும்.

அங்க என்ன கிடைக்கும்? சாப்பாடு, ரூம் தராதது சேவைக் குறைபாடுங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, நேரமும் விதியும் அப்படியே பொருந்துது. கார் காசு 6,500 அவ்வளவு உறுதி இல்ல. ரயில் டிக்கெட் தனி, பிளைட் டிக்கெட் தனி, அதுக்கு நாங்க பொறுப்பில்லன்னு ஏர்லைன்ஸ் சொல்லும், டிக்கெட் நிபந்தனையில சின்ன எழுத்துல அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு சாதகமா 2021 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பு ஒண்ணு இருக்கு, அது ரயில் கேஸ். ஜம்மு போற ரயில் நாலு மணி நேரம் லேட்டாகி ஒரு குடும்பம் ஸ்ரீநகர் பிளைட்ட விட்டுட்டாங்க. தாமதத்துக்கு என்ன காரணம்னு ரயில்வேதான் நிரூபிக்கணும், நிரூபிக்கலன்னா பொறுப்புன்னு சொல்லி, டாக்ஸிக்கு 15,000, புக்கிங் செலவுக்கு 10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 குடுக்கச் சொன்ன கீழ்க் கமிஷன் உத்தரவ உறுதி பண்ணாங்க. உங்க கதைய திருப்பிப் போட்டா அதேதான், அத புகார்ல குறிப்பிடுங்க. ஆனா பிளைட்டு எறங்கற நேரத்துக்கும் ரயில் நேரத்துக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி வெச்சிருந்தீங்கன்னு பாப்பாங்க. 9.40 பிளைட் ராத்திரி 12.30 வாக்குல எறங்கியிருக்கும், காலை ரயிலுக்கு அஞ்சாறு மணி நேரம் இருந்திருக்கு, அதனால நீங்க அலட்சியமா இருந்தீங்கன்னு யாரும் சொல்ல முடியாது. மன உளைச்சலுக்கு எவ்வளவுங்கறது ஆணையத்துக்கு ஆணையம் மாறும், அதுல நான் நம்பர் சொன்னா அது ஏமாத்தறதாகிடும். லட்சக்கணக்குல எதிர்பாக்காதீங்க, நாளும் ஆகும், வாய்தா நிறைய விழும். இத்தனைக்கும் போடணுமான்னு கேட்டா, என் அபிப்பிராயம் போடணும். மாவட்டத்துக்கு பத்து பேர் போட்டாலே அடுத்த ராத்திரி டியூட்டி மேனேஜர் ரூம் போடறதுக்கு யோசிக்க மாட்டார்.

நம்ம ஊருக்காரங்களுக்கு இது ரெட்டிப்பு கஷ்டம், ஏர்போர்ட் இருக்கற தேவனஹள்ளிக்கு போக ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டுன்னு தாண்டி பெங்களூரோட அந்தக் கோடிக்கு போகணும், டவுன்காரங்க மாதிரி வீட்டுக்குப் போய் படுத்துட்டு வர முடியாது. ஓசூர்ல ஏர்போர்ட்னு 2024 ஜூன்ல சட்டசபையில அறிவிச்சாங்க, ஆனா பெங்களூரு ஏர்போர்ட் ஒப்பந்தத்துல 150 கிலோமீட்டருக்குள்ள இன்னொண்ணு 2033 வரைக்கும் கூடாதுன்னு ஷரத்து இருக்கு, அது தீரற வரைக்கும் இப்படித்தான். அதனால வயசானவங்கள கூட்டிகிட்டு போறப்ப கடைசி பிளைட்ட தவிருங்க, காலையில மொத பிளைட்டுக்கான விமானம் பெரும்பாலும் முந்தின ராத்திரியே வந்து நின்னிருக்கும், தாமதம் சேந்திருக்காது. டிசம்பர் ஜனவரில மட்டும் விடிகாலை பனி இருக்கும், அப்ப ஒரு பத்து மணி வாக்குல உள்ள பிளைட் பாருங்க. அம்மாவோட மாத்திரை, ஊசி, சாப்பிட ஏதாவது கைப்பையிலயே இருக்கட்டும், செக்-இன் பெட்டியில போட்டுடாதீங்க.

துபாய், மஸ்கட் போறவங்க இத படிச்சா, உங்களுக்கு விதி வேற, 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும், இந்தியா 2009ல அதுல சேந்துச்சு. தாமதத்தால நிஜமா ஆன நஷ்டத்த பில்லோட காட்டி கேக்கலாம், தாமதத்த தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தோம்னு ஏர்லைன்ஸ்தான் நிரூபிக்கணும். பெட்டி உடைஞ்சிருந்தா 7 நாளுக்குள்ள, பெட்டி லேட்டா வந்தா கைக்கு வந்ததுல இருந்து 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும், நாள் தாண்டினா உரிமை போயிடும்.

நீங்க இன்னிக்கு ராத்திரியே செய்யக்கூடியது ஒண்ணு. அந்த நாலு எஸ்எம்எஸ், மூணு மெயில், போர்டிங் பாஸ், ரயில் டிக்கெட், கார் பில் இல்ல டிரைவருக்கு ஜிபே பண்ண ரசீது, அம்மாவோட சுகர் சீட்டு, எல்லாத்தையும் போட்டோ எடுத்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிடுங்க. நோடல் ஆபீசருக்கு எழுதின மெயில இங்க போட்டீங்கன்னா, பிஎன்ஆரையும் பேரையும் மறைச்சுட்டு போடுங்க, எது விட்டுப் போச்சுன்னு பாத்து சொல்றேன்.